நண்டைத் திருப்பிப் போடு!

ஒரு கண்ணாடி டியூபைத் தலைகீழாகக் கவிழ்க்கும்போது கை நடுங்கிய அனுபவம் உண்டா உங்களுக்கு? எனக்கு உண்டு பாஸ்!

பி.டெக். பயோடெக்னாலஜி, மூன்றாம் ஆண்டு. மே மாச லீவு விட்டதும் நாகப்பட்டினத்துக்கு பஸ் ஏறி, அம்மா கையால் சாப்பிட்டு, மத்தியானம் முழுக்கத் தூங்கலாம்னு பிளான். 'இன்பிளான்ட் டிரெயினிங் சர்ட்டிஃபிகேட் இல்லாம அடுத்த செமஸ்டருக்கு வராதீங்க'ன்னு டிபார்ட்மென்ட்டில் ஒரே போடாகப் போட்டுட்டாங்க. அப்படித்தான் ஊசி மருந்து தயாரிக்கிற ஒரு கம்பெனியின் குவாலிட்டி கன்ட்ரோல் லேபில் போய் நின்றேன். முதல் வாரம் முழுக்க கோட்டு, தொப்பி, மாஸ்க் மாட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கிறதுதான் வேலை. எட்டாம் நாள் அங்கே இருந்த அக்கா, "இன்னிக்கு நீ பண்ணும்மா"ன்னு டியூபைக் கையில் கொடுத்தாங்க.

விஷயம் சிம்பிள். 0.1 மில்லி மருந்து. அதோட 0.1 மில்லி 'லைசேட்'டுன்னு ஒரு திரவம். 37 டிகிரி சூட்டில் ஒரு மணி நேரம் ஆடாம அசையாம வெச்சு, அப்புறம் மெதுவா 180 டிகிரி கவிழ்க்கணும். உள்ளே இருக்கிறது கட்டியாகி டியூபின் அடியிலேயே ஒட்டிக்கிட்டு நின்னா மருந்தில் எண்டோடாக்சின் இருக்குன்னு அர்த்தம். அதாவது, பாக்டீரியா செத்த பிறகும் விட்டுட்டுப் போற விஷம். ரத்தத்தில் கலந்தா காய்ச்சல், ஷாக், சில சமயம் உயிரே போகும். வழிஞ்சு ஓடினா மருந்து பாஸ்.

என்னோடது வழிஞ்சு ஓடுச்சு. அப்பாடா!

"இந்த லைசேட்டை எதுல இருந்துக்கா எடுக்கிறாங்க?"ன்னு கேட்டேன்.

"நண்டு ரத்தம். நீலமா இருக்கும்"னு சொல்லிட்டு அவங்க அடுத்த வேலைக்குப் போயிட்டாங்க.

மீனவர் வீட்டுப் பொண்ணு நான். நண்டுன்னா எனக்கு ரசம்தான் ஞாபகம் வரும். நீல ரத்த நண்டா? அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டலில் உட்கார்ந்து தேட ஆரம்பிச்சவள், ஒரு நண்டு, ஒரு பறவை, ஒரு சட்டம்னு எங்கேயோ போய்ட்டேன். அந்தக் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப் போறேன். கொஞ்சம் தூரம் போகணும். அமெரிக்கா வரைக்கும்!

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், நியூ ஜெர்சிக்கும் டெலவேருக்கும் நடுவே இருக்கு டெலவேர் வளைகுடா. மே, ஜூன் மாசங்களில் பௌர்ணமி, அமாவாசை ஒட்டி கடல் பொங்கும் ராத்திரிகளில் அங்கே குதிரைலாட நண்டுகள் கரையேறும். பேர்தான் நண்டு, உறவுமுறைப்படி சிலந்திக்கும் தேளுக்கும்தான் நெருக்கம். கவிழ்த்துப் போட்ட இரும்புச் சட்டி மாதிரி ஓடு, பின்னால் ஊசி வால். அழகுப் போட்டியில் ஆறுதல் பரிசுகூடக் கிடைக்காது. ஆனா, டைனோசருக்கே தாத்தா! 40 கோடி வருஷத்துக்கும் முன்னாலேயே இந்த இனம் பூமிக்கு வந்தாச்சு. ரத்தத்தில் இரும்புக்குப் பதில் தாமிரம். அதனால்தான் நீலம்.

ஒரு பெண் நண்டு ஒரு சீஸனில் சுமார் 80 ஆயிரம் முட்டைகள் வரை இடும். மணலைத் தோண்டிப் புதைச்சிட்டுப் போகும். இங்கேதான் ஒரு சூட்சுமம். அடுத்து வர்ற நண்டு அதே இடத்தைத் தோண்டும்போது முதல் நண்டின் முட்டைகள் மேலே வந்துடும். அலையும் கொஞ்சம் கிளறும். மேலே வந்த முட்டை எப்படியும் பொரிக்காது. அது பறவைக்கு.

எந்தப் பறவைக்கு? ரெட் நாட். நம்ம கோடியக்கரைப் பக்கம் 'உள்ளான்'னு சொல்வோமே, அந்த வகையறா. மார்கழியில் அப்பா சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவெச்சு கோடியக்கரைக்குக் கூட்டிப்போய், தூரத்தில் சேற்றில் ஓடுற சின்னச் சின்னப் புள்ளிகளைக் காட்டி, "அதோ பாரு, உள்ளான். எங்கேருந்தோ வருது"ன்னு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு. அந்தக் கோடியக்கரை 2002ல் ராம்சார் பட்டியலில் இடம்பிடிச்சது.

டெலவேருக்கு வர்ற ரெட் நாட், தென் அமெரிக்காவின் கடைசி நுனியான டியெர்ரா டெல் ஃபுவேகோவில் இருந்து கிளம்பி, கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போகும். ஒரு வழிக்கே சுமார் 15 ஆயிரம் கிலோமீட்டர்! பாதியில் எலும்பும் தோலுமா வந்து இறங்குறதுதான் டெலவேர். அப்போ எடை 120 கிராம் அளவு. ரெண்டே வாரத்தில் 180 கிராமைத் தொட்டாகணும். ஏன்னா, போய்ச் சேர்ற இடத்தில் இன்னும் பனி உருகியிருக்காது. சாப்பிட ஒண்ணும் கிடைக்காது. நீண்ட பயணத்துக்காக இரைப்பையைச் சுருக்கிக்கிட்டு வர்ற பறவைக்கு, ஓட்டோட இருக்கிற சிப்பியெல்லாம் உடனே செரிக்காது. மெத்துனு, கொழுப்போட இருக்கிற நண்டு முட்டைதான் சரி.

1995ல் அர்ஜென்டினாவில் வளையம் மாட்டின ஒரு ரெட் நாட்டுக்கு பி95னு பேர். 2014 வரைக்கும் பார்த்திருக்காங்க. அது வாழ்நாளில் பறந்த தூரத்தைக் கூட்டினா, நிலாவுக்குப் போய் பாதி வழி திரும்பியும் வந்திருக்கும். அதனால் செல்லப் பேரே 'மூன்பேர்ட்'. அந்தச் சாதனைக்கு எரிபொருள் எது? கடுகு சைஸில் ஒரு பச்சை முட்டை!

இப்போ வில்லன் வரணுமே? வந்தான். ஆனா அவன் யாருன்னு தெரிஞ்சப்போதான் எனக்குச் சங்கடமே.

வெல்க்னு ஒரு கடல் நத்தை. நம்ம சங்கு ஜாதி. அதையும் விலாங்கையும் பிடிக்கக் கூண்டுக்குள் வைக்கிற இரை, குதிரைலாட நண்டு. அதிலும் முட்டையோட இருக்கிற பெண் நண்டுன்னா டபுள் டிமாண்ட். 1990களில் வெல்க் வியாபாரம் சூடுபிடிச்சதும் நண்டை அள்ளு அள்ளுன்னு அள்ளினாங்க. 1998ல் மட்டும் அட்லான்டிக் கரை முழுக்கப் பிடிச்சது 20 லட்சத்துக்கும் மேலே. பெண் நண்டு முட்டையிடுற வயசுக்கு வர ஒன்பது, பத்து வருஷம் ஆகும். இன்னிக்கு அள்ளினா அந்த ஓட்டை அடைக்கப் பத்து வருஷம்!

நண்டு குறைஞ்சா, முட்டை சுத்தமா இல்லாமப் போயிடாது. ஆனா, ஒண்ணு தோண்டின இடத்தை இன்னொண்ணு வந்து தோண்டாது. முட்டை ஆழத்திலேயே கிடக்கும். சின்ன அலகுக்கு எட்டாது. 1980களின் ஆரம்பத்தில் வளைகுடாவில் 90 ஆயிரத்துக்கும் மேல் எண்ணப்பட்ட ரெட் நாட், 2000களின் நடுவில் சுமார் 15 ஆயிரத்துக்கு வந்திடுச்சு.

எண்ணினது யாருன்னு கேளுங்க. வளைகுடாவில் லாரி நைல்ஸ், அமாண்டா டே மாதிரி விஞ்ஞானிகள் இருந்தாங்க. அவங்களோட கரையோர ஊர் ஜனங்கள், ரிட்டயர் ஆனவங்க, ஸ்கூல் பசங்க! ராத்திரியில் டார்ச் எடுத்துக்கிட்டுப் போய் நண்டு எண்ணுவாங்க. அலை புரட்டிப்போட்ட நண்டு மல்லாக்கக் கிடந்து வெயிலில் சாகும். அதை ஓட்டின் ஓரத்தைப் பிடிச்சு (வாலைப் பிடிக்கவே கூடாது) திருப்பிப் போடுவாங்க. 1998ல் 'ஜஸ்ட் ஃப்ளிப் தெம்'னு இதையே ஒரு இயக்கமா ஆரம்பிச்சாங்க. 'சும்மா திருப்பிப் போடு', அவ்வளவுதான் கோஷம். 2003லிருந்து நியூ ஜெர்சியில் மே மாசம் பல பீச்சுகளை மூடி, வாசலில் தன்னார்வலர்கள் நின்னாங்க. "ஏன் உள்ளே விடமாட்டீங்க?"ன்னு எகிறுற ஆட்களுக்குப் பொறுமையா விளக்கம் சொல்றதுதான் அவங்க டியூட்டி. சண்டை போடாம!

ஆனா, திருப்பிப் போட்டா மட்டும் போதுமா? பகலில் லாரி வந்து அள்ளிட்டுப் போகுதே! சட்டம் வேணும்னு கேட்க ஆரம்பிச்சாங்க. மனு, பொது விசாரணை, எம்.எல்.ஏ. மாதிரி அங்கே இருக்கிறவங்களுக்குக் கடிதம்... நியூ ஜெர்சி 2006ல் ரெண்டு வருஷத் தடை போட்டுச்சு. பக்கத்து மாநிலமான டெலவேரும் தடை போட்டது. வியாபாரிகள் கோர்ட்டுக்குப் போக, 2007ல் அந்தத் தடை ரத்து. நியூ ஜெர்சியில் தடையை நீட்டிக்கலாமான்னு 2008 பிப்ரவரியில் கேள்வி வந்தப்போ, அந்த மாநிலத்தின் கடல் மீன்வள கவுன்சில் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் முடியாதுன்னுடுச்சு.

நம்ம ஆளுங்களா இருந்தா 'விடு மச்சி, எல்லாம் அப்படித்தான்'னு டீக்கடைக்குப் போயிருப்போம். அவங்க நேரா சட்டசபைக்குப் போனாங்க. அடுத்த மாசமே, 2008 மார்ச்சில், கவர்னர் ஜான் கோர்சைன் கையெழுத்துப் போட, தடை சட்டமாவே வந்துடுச்சு. அந்தச் சட்டத்தில் எனக்குப் பிடிச்ச விஷயம், முடிவு தேதி கிடையாது. ரெட் நாட் மீண்டு வர்ற வரைக்கும் நண்டைத் தொடாதே! பறவைக்கான சட்டம், பறவையைப் பற்றி இல்லாம அதோட சாப்பாட்டைப் பற்றி இருக்கு பாருங்க.

செம குஷி எனக்கு. உடனே அப்பாவுக்கு போன் போட்டேன்.

இங்கே எங்க வீட்டைப் பற்றிச் சொல்லணும். அப்பா விசைப்படகுத் தொழிலாளி. ஏப்ரல் 15ல் இருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். மீன் இனப்பெருக்கம் பண்ற சீஸன். முன்னே 45 நாள் இருந்தது, 2017ல் இருந்து 61 நாள். அந்த ரெண்டு மாசமும் படகைக் கரையேத்தி பெயின்ட் அடிப்பாங்க, வலை பின்னுவாங்க. எங்க வீட்டில் கருவாட்டுக் குழம்பு. அரசாங்க நிவாரணம் வரும். அது மளிகைக் கடை பாக்கிக்குப் போகும். என்னோட ரெண்டாம் வருஷ ஃபீஸ், அம்மா காதில் இருந்த தோடு. அடகுக் கடையில் இருந்து அது மீண்டது தீபாவளிக்கு. 'தடை'ங்கிற வார்த்தை உங்களுக்கு நியூஸ். எங்களுக்கு அது அடுப்பு.

அப்பா முழுசாக் கேட்டுட்டு முதலில் கேட்டது பறவையைப் பற்றி இல்லை.

"சங்கு புடிக்கறவன் என்ன பண்ணான் பாப்பா?"

சிலர் வேற மாநில நண்டை விலை கொடுத்து வாங்கினாங்க, இரையை வலைப் பைக்குள் போட்டு வெச்சா மத்த ஜந்துக்கள் தின்னாம ரொம்ப நேரம் வரும், அதனால் கம்மி நண்டு போதும்னு கண்டுபிடிச்சாங்க, டெலவேர் பல்கலைக்கழகத்தில் செயற்கை இரைகூடச் செஞ்சாங்கன்னு சொன்னேன். "ம்..."னு கேட்டுக்கிட்டார்.

"முட்டையோட இருக்கறத புடிச்சா தப்புதான். நாங்களும் ரெண்டு மாசம் சும்மாதான இருக்கோம். சரி, உங்க மருந்துக் கம்பெனி அந்த நண்டப் புடிக்குதுன்னியே, அவனையும் நிறுத்திட்டாங்களா?"

சுருக்குனு இருந்தது எனக்கு.

இல்லைப்பா, நிறுத்தலை. அமெரிக்கக் கரையில் மருத்துவத்துக்காக வருஷத்துக்கு லட்சக்கணக்கில் நண்டு பிடிக்கிறாங்க. ரத்தத்தில் ஒரு பங்கை எடுத்துட்டுத் திரும்பக் கடலில் விடணும். அப்படி விட்டதில் நூற்றுக்குப் பதினைந்து செத்துடும்ங்கிறது அங்கத்திய மீன்வள கமிஷன் வெச்சிருக்கிற கணக்கு. அதைவிட அதிகம்னு சொல்ற ஆய்வுகளும் உண்டு.

"அப்ப படகுக்காரனுக்கு ஒரு சட்டம், படிச்சவனுக்கு ஒரு சட்டமா?"ன்னு சிரிச்சுக்கிட்டேதான் கேட்டார். சிரிப்பு எனக்கு வரலை. ஏன்னா, அந்த 'படிச்சவன்' நான்தான்! லைசேட் டியூபைக் கவிழ்த்து, மருந்து பாஸுன்னு குதிச்சவள். என் வயித்துப் பாட்டுக்கு நாளைக்கு நான் போகப்போற வேலையும் அதுதான்.

ரெண்டு நாள் மண்டையைக் குடைஞ்சது. திரும்ப உட்கார்ந்து தேடினேன். கிடைச்சது.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் டிங் ஜியாக் லிங், ஹோ போன்னு ரெண்டு விஞ்ஞானிகள். நண்டு ரத்தத்தில் எண்டோடாக்சினைக் கண்டுபிடிக்கிற 'ஃபேக்டர் சி'ங்கிற புரதத்தின் ஜீனை எடுத்து, நண்டே இல்லாம லேபில் தயாரிக்க 1990களிலேயே வழி கண்டுபிடிச்சுட்டாங்க. பிரமாதம்! ஆனா, கம்பெனிகள் சீண்டலை. பழகின டெஸ்ட்டை யார் மாத்துவாங்க? எலி லில்லி கம்பெனியில் ஜே போல்டன்னு ஒரு விஞ்ஞானி. பறவை பார்க்கிறதில் பைத்தியம். அவர் தன்னோட கம்பெனிக்குள்ளேயே டேட்டாவைக் காட்டி, பேசிப் பேசி மாற வெச்சார். 2018ல் அந்தச் செயற்கை டெஸ்ட்டால் சோதிச்ச ஒரு ஊசி மருந்துக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. அமெரிக்க மருந்துத் தர அமைப்பு இதுக்கான விதியை 2024ல் ஏத்துக்கிட்டு, 2025 மே மாசம் நடைமுறைக்கும் கொண்டுவந்தது. லேபில் கண்டுபிடிச்சு, விதிப் புத்தகத்தில் ஏற முப்பது வருஷம்!

அப்போதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சது. போராட்டம்னா போர்டு பிடிச்சு ரோட்டில் நிற்கிறது மட்டும்தான்னு நினைச்சிருந்தேன். கரையில் நண்டைத் திருப்பிப் போட்டவரும், கம்பெனி மீட்டிங்கில் ஸ்லைடு போட்டவரும் ஒரே வேலையைத்தான் செஞ்சிருக்காங்க. முதலாமவர் மட்டும் இருந்தா பாரம் முழுக்க அப்பா மாதிரி ஆட்கள் தலையில். ரெண்டாமவரும் சேர்ந்தாத்தான் அது நியாயம்.

சரி, க்ளைமாக்ஸ்ல பறவை மீண்டு வந்துச்சான்னு கேட்பீங்க. சினிமா மாதிரி 'சுபம்' போட முடியாது ஃப்ரெண்ட்ஸ். 2014 டிசம்பரில் அமெரிக்க அரசு ரெட் நாட்டை அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. அதுக்கான மனு போனது 2000களின் நடுவில்! 2021ல் வளைகுடாவில் எண்ணினப்போ ஏழாயிரத்துக்கும் கீழே. நண்டு பெருக ஒரு தலைமுறை வேணும். நடுவில் புயல், சூடாகிற கடல், ஆர்க்டிக்கில் மாறுற பருவம்னு ஆயிரம் தொல்லை. சட்டம் மந்திரக்கோல் கிடையாது. அது இல்லேன்னா இந்தப் பறவைகளின் பசிக்கு ஒரு பதிலே இருந்திருக்காது, அவ்வளவுதான்.

ஜெயிச்சதைக் காவல் காக்கவும் வேணும். 2022ல் மீன்வள கமிஷன், புதுக் கணக்கு மாடலை வெச்சு, பெண் நண்டையும் கொஞ்சம் பிடிக்கலாம்ங்கிற இடத்துக்கு வந்தது. இன்ஜினீயரா எனக்கு மாடல்னா மரியாதை உண்டு. ஆனா ஜனங்க சும்மா இருக்கலை. முப்பதாயிரத்துக்கும் மேல் கருத்துகள் குவிஞ்சது. கமிஷன் மாடலை ஏத்துக்கிட்டு, 2023ம் ஆண்டுக்குப் பெண் நண்டு எண்ணிக்கையை 'பூஜ்யம்'னு எழுதினது. 2023ல் கனெக்டிகட் மாநிலம் தடைச் சட்டமே கொண்டுவந்தது.

'அது அமெரிக்கா, இங்கெல்லாம் நடக்காது'ன்னு சொல்லப் போறீங்களா? எங்க நாகப்பட்டினத்தையே எடுத்துக்குங்க. 1990களில் கரையோரம் இறால் பண்ணைகள் வந்து நிலமும் குடிதண்ணியும் உப்பானப்போ, காந்தியவாதி ஜெகந்நாதன் ஐயாவும் கிருஷ்ணம்மாள் அம்மாவும் ஊர் ஜனங்களோட நின்னாங்க. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போய், 1996 டிசம்பர் 11ல் கரையோர ஒழுங்குமுறை மண்டலத்தில் இருக்கிற பண்ணைகளை அகற்றச் சொல்லித் தீர்ப்பு வந்தது. 2005ல் புதுச் சட்டம் வந்து பண்ணைகளுக்குக் கதவைத் திறந்தும் விட்டது. கதை டெலவேர் மாதிரியே இல்லை? ஜெயிச்சுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க முடியாது.

நம்ம கையில் என்ன இருக்கு? நம்ம நாட்டில் சுற்றுச்சூழல் விதி ஒண்ணு மாறணும்னா, முதலில் வரைவை வெளியிட்டு, பொதுவா 60 நாள் ஆட்சேபணை கேட்பாங்க. யாரும் எழுதலாம். பத்தொன்பது வயசு செகண்ட் இயரும் எழுதலாம். 2020ல் ஒரு வரைவைப் பல மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி ஹைகோர்ட்டே உத்தரவு போட்டது. அதாவது, தமிழில் கேட்கிற உரிமைக்கும் முன்னுதாரணம் இருக்கு. அசைன்மென்ட்டைக் கடைசி ராத்திரி காப்பி அடிக்கிற நாம, வருஷத்துக்கு ஒரே ஒரு வரைவைப் படிச்சு, ஒரே ஒரு பக்கம் நம்ம சொந்த வார்த்தையில் எழுத முடியாதா? எழுதும்போது ஒரு வரி மட்டும் மறக்காதீங்க: இந்தத் தடையால் யார் வீட்டு அடுப்பு அணையும், அதுக்கு என்ன வழி?

டிரெயினிங் முடியிற அன்னிக்கு ரிப்போர்ட் எழுதச் சொன்னாங்க. டெஸ்ட் முறை, ரிசல்ட் எல்லாம் எழுதிட்டு, கடைசியில் 'பரிந்துரை'ன்னு ஒரு பாரா சேர்த்தேன்: இந்த லேபில் செயற்கை ஃபேக்டர் சி முறையையும் முயன்று பார்க்கலாம், காரணங்கள் இவை. அந்த அக்கா படிச்சுப் பார்த்துட்டு, "மாத்துறதுன்னா ஏகப்பட்ட பேப்பர் வேலைம்மா"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, "அந்த ரெண்டு லிங்க்கை எனக்கு அனுப்பி வை"ன்னாங்க.

ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்.

"நடக்குமா பாப்பா?"

"தெரியலப்பா. முப்பது வருஷம்கூட ஆகலாம்."

"ஆகட்டும். நீ எழுதிட்டல்ல?"ன்னார். பின்னாலேயே அம்மா குரல்: "எழுதினது இருக்கட்டும், ஜூன் பதினஞ்சு போட்டு கடலுக்குப் போவுது, அதுக்குள்ள ஊருக்கு வர்றாளா இல்லையா கேளுங்க!"

வர்றேன்மா. இந்தக் கட்டுரையைக் கொடுத்துட்டு, நைட் பஸ் ஏறிடுறேன்!